தனுஷ்கோடிச் சுவரும் பாம்பன் வள்ளமும்: ஒரு கூட்டுப்படத்தை இரண்டு முறை கட்டிய அனுபவம்

தனுஷ்கோடியில் கூரையிழந்து நிற்கும் தேவாலயச் சுவர், பாம்பன் கரையில் மணலில் சாய்ந்து கிடந்த ஒரு வள்ளம், மழைக்கு முந்தைய கருமேகம் ஆகிய மூன்றையும் ஃபோட்டோஷாப்பில் ஒரே படமாக இணைத்து, அதன் மேல் சுண்ணாம்பும் உப்பும் படிந்த பழைய பரப்பின் சாயலை ஏற்றி, 12×18 அங்குல அளவில் அச்சிட வேண்டும் என்பதே நான் எடுத்துக்கொண்ட வேலை. ஜூன் மாதத்தில் தொடங்கியது டிசம்பரில்தான் முடிந்தது. இடையில் ஒரு முறை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, புதிய படங்களை எடுத்து, முதலிலிருந்து கட்டினேன். முதல் முயற்சி எதனால் தோற்றது என்பது எனக்குப் பிடிபடுவதற்கே மூன்று மாதங்கள் ஆயின. ஆகவே அதையே சற்று விரிவாக எழுதுகிறேன்.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில் அடித்த புயல் தனுஷ்கோடி என்னும் ஊரையே இல்லாமல் செய்தது. பாம்பனிலிருந்து அங்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் அன்றிரவு கடல் கொண்டுபோனது. மிஞ்சிய சுவர்களில் தேவாலயத்தின் சுவர்தான் எனக்குத் தேவைப்பட்டது. அது பவளப்பாறைக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டியது. சாந்து உதிர்ந்த இடங்களில், ஒரு சாண் தொலைவில் நின்று பார்த்தால், பவளத்தின் துளைகள் தேனடையைப் போல வரிசையாகத் தெரியும். படத்தில் எங்காவது தூரத்தில் அந்த ரயிலையும் மங்கலாக வைக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். நான் வைக்கவில்லை. மக்கள் உண்மையாகவே மாண்டுபோன ஒரு நிகழ்ச்சியை மேகத்துக்குள் ஒரு நிழலாக ஒட்டுவதற்கு மனம் ஒப்பவில்லை. அதோடு, வெட்டி ஒட்டிய படத்தை எவரேனும் சான்றுப் படமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காக, அச்சின் பின்புறத்தில் இது மூன்று படங்களின் கூட்டு என்று பேனாவால் எழுதியே வைத்திருக்கிறேன்.

முதல் முயற்சிக்கு என்னிடம் ஏற்கெனவே இருந்த படங்களையே எடுத்துக்கொண்டேன். தேவாலயப் படம் ஒரு கோடைக்காலக் காலையில் எடுத்தது. வெயில் வலப்பக்கத்திலிருந்து அடித்து, வளைவின் உட்புறத்தில் கத்தியால் கீறியதுபோல் நிழல் விழுந்திருந்தது. வானம் வேறொரு நாள் மாலையில், மேகம் திரண்டிருந்தபோது எடுத்தது. வெட்டி வைத்த வேலை சுத்தமாகவே இருந்தது, விளிம்புகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் நாடக மேடையின் பின்திரைக்கு முன்னால் அட்டைச் சுவரை நிறுத்தியதுபோல்தான் தோன்றியது. குறை எங்கே என்று பெயர் சொல்லத் தெரியாததால், டெக்ஸ்சர் (படத்தின்மேல் ஏற்றும் பழைய பரப்பின் சாயல்) போதவில்லை என்று முடிவுகட்டி, துருப்பிடித்த தகடு, கிழிந்த காகிதம், விரிசல் விட்ட சேறு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போனேன். பதினொரு அடுக்குகள் ஆன பிறகும் அந்தச் சுவர் வானத்தோடு ஒட்டவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலைதான் அத்தனை நாளும் நடந்தது.

செப்டம்பரில் ஒரு நாள், டெக்ஸ்சர்களை எல்லாம் அணைத்துவிட்டு, மேலே ஒரு கறுப்பு வெள்ளை அடுக்கை வைத்து, படத்தின் நகல் ஒன்றை 40 பிக்சல் அளவுக்குக் காஷியன் பிளர் செய்து, அதாவது மங்கலாக்கிப் பார்த்தபோது விஷயம் வெளிச்சமானது. நிறமும் நுணுக்கமும் போய்விட்டால் மிஞ்சுவது ஒளியும் இருளும் மட்டுமே. அங்கே சுவர் வானத்தைவிடப் பளிச்சென்று இருந்தது. மூட்டமான நாளில் வெளிச்சம் வருவதே வானத்திலிருந்துதான். அந்த வெளிச்சத்தை வாங்கித் திருப்பும் பழைய சுவர் வானத்தைவிட ஒரு படியாவது இருட்டாக இருந்தாக வேண்டும். நிழலிலும் அதே பிழைதான். சூரியன் வானத்தில் பிடிக்கும் இடம் அரை பாகை அளவே என்பதால் அதன் நிழல் கூர்மையாக விழுகிறது. மேகம் மூடிவிட்டால் வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காகிவிடுகிறது. அப்போது நிழலுக்கு விளிம்பே இருக்காது. என் படத்திலோ தலைக்கு மேல் கருமேகமும், வளைவுக்குள் கோடை வெயிலுக்குரிய நிழலும் ஒன்றாக இருந்தன. இதை எந்த டெக்ஸ்சரும் சரிசெய்யாது. சுவரை மறுபடியும் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நவம்பர் முதல் வாரத்தில், வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட பிறகு, இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டு விடியற்காலையில் அங்கே போய்ச் சேர்ந்தேன். வானம் ஒரு மேடுபள்ளமும் இல்லாமல் வெள்ளைத் துணி விரித்ததுபோல் இருந்தது. வெறுமனே படம் எடுக்க வந்தவருக்கு அது ஏமாற்றமளிக்கும் வானம். எனக்கோ அதுதான் வேண்டியிருந்தது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முக்காலியில் கேமராவை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிறுத்தி, 35 மி.மீ. லென்ஸில், எஃப் 8 துளையில், ஐஎஸ்ஓ 100 வைத்து, கேமரா திருத்தாத ரா கோப்புகளாகவே எடுத்தேன். சுவருக்கு அருகில் போய்ப் பவளக் கற்களை எடுப்பதற்காகச் சாய்ந்தபோது, பக்கத்தில் சிப்பி மாலைகளைக் கடை பரப்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா, “தம்பி, செவுத்துல சாயாதீங்க, சட்டையெல்லாம் வெள்ளையாயிரும்” என்றார். அதற்குள் என் முழங்கை முழுவதும் சுண்ணாம்புப் பொடி ஒட்டியிருந்தது. மாவைப் போல மென்மையாகவும், இடையிடையே மணல் நறநறப்பதாகவும் இருந்த அந்தப் பொடியைத் தேய்த்துப் பார்த்தபோதுதான், துருவும் கிழிந்த காகிதமும் இந்தப் படத்துக்கு அந்நியம் என்றும், சுண்ணாம்பும் உப்பும் மட்டுமே போதும் என்றும் தீர்மானித்தேன்.

வானத்தை அதே வாரத்தில் பாம்பன் கரையில் எடுத்தேன். சுவரின் இடப்பக்கம் சற்றே வெளிச்சம் கூடியிருந்ததால், மேகத்திலும் இடப்பக்கம் வெளுத்திருந்த ஒரு சட்டகத்தைத் தேர்ந்தெடுத்தேன். வானத்தைத் தனியே எடுத்துச் சேர்ப்பது கணினி கொண்டுவந்த வழக்கம் அன்று. 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடற்படங்கள் எடுத்தபோது, அக்காலத்துக் கொலோடியன் பசை பூசிய கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு மிகையாக வினையாற்றியதால், கடல் சரியாகப் பதிவாகும் நேரத்துக்குள் வானம் வெளிறிப்போய்விடும். அவர் வானத்துக்கு ஒரு நெகடிவும் கடலுக்கு ஒரு நெகடிவும் எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து அச்சிட்டார். நான் செய்வதும் அந்த வேலைதான். இருட்டறையில் அவருக்கு இருந்த கட்டுப்பாடுகள் எனக்கு இல்லை என்பதால் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

வள்ளத்தைத் தனியாகத் திட்டியாக வேண்டும். முதல் முறை அதைப் பாலத்தின் அருகே ஓர் உயரமான கரைமேட்டில் நின்று எடுத்திருந்தேன். படத்தில் வைத்ததும் அது மணலில் உட்காராமல், பார்ப்பவரை நோக்கிச் சரிந்து விழுவதுபோல் இருந்தது. சமதளத்தில் நின்று எடுத்த எந்தப் படத்திலும் தொடுவானக் கோடு பொருள்களைக் கேமராவின் உயரத்தில் வெட்டிச் செல்லும். தேவாலயப் படத்தில் அந்தக் கோடு தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் போகிறது. வள்ளத்தின் படத்திலோ நான்கு மீட்டருக்கு மேல் போனது. இரண்டையும் ஒரே தரையில் வைத்தால் கண் நம்பாது. மறுமுறை மணலில் இறங்கி, அதே ஒன்றரை மீட்டர் உயரத்தில், அதே 35 மி.மீ. லென்ஸில் எடுத்தேன். அதன் பிறகு சிறிதாக்குவதும் பெரிதாக்குவதும்கூடத் தேவைப்படவில்லை. தொடுவானத்தோடு தொடுவானத்தைப் பொருத்தியதும் வள்ளம் தானாகவே தன் அளவில் வந்து நின்றது.

இனி ஃபோட்டோஷாப் வேலை. அச்சு அளவு 18 அங்குலம், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 5400×3600 பிக்சல். நிறப்படிகள் மிக நுணுக்கமாகப் பதியும் 16 பிட்டில் ஒரு முழு அடுக்கு மட்டும் ஏறத்தாழ 117 மெகாபைட் பிடிக்கும். எட்டு ஜிபி நினைவகம் உள்ள என் மடிக்கணினி திணறியது என்றாலும், மேகத்தின் மெல்லிய ஏற்ற இறக்கங்கள் கர்வ்ஸ் (ஒளியை ஏற்றி இறக்கும் கருவி) போட்டு இழுக்கும்போது பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும் என்பதால் 8 பிட்டுக்கு இறங்கவில்லை.

சுவரின் உச்சியில் புல்லும் காய்ந்த கொடிகளும் முளைத்திருந்தன. அவற்றைச் சுற்றி மாஸ்க் (அடுக்கில் எது தெரியும், எது மறையும் என்று பிரிக்கும் படலம்) வரைவது தலைமுடியை எண்ணும் வேலை. இங்கேதான் அந்த வெள்ளை வானம் கைகொடுத்தது. மேக அடுக்கைச் சுவர்ப் படத்தின் மேல் மல்டிபிளை முறையில் வைத்தேன். மல்டிபிளை என்பது பெயருக்கேற்றபடி பெருக்கல்தான்: மேல் அடுக்கின் ஒளியெண்ணையும் (0 கறுப்பு, 255 வெள்ளை) கீழ் அடுக்கின் ஒளியெண்ணையும் பெருக்கி 255ஆல் வகுக்கிறது. கீழே 255, அதாவது தூய வெள்ளை இருந்தால் மேகம் மாறாமல் அப்படியே தெரியும்; கீழே கரிய கொடி இருந்தால் கொடி கரியதாகவே நிற்கும். இடைப்பட்ட மயிரிழைகளும் தம் அளவுக்கு ஏற்பத் தானாகவே கலந்துவிடும். என் வெள்ளை வானம் உண்மையில் 236 இருந்தது. அப்படியே விட்டால் மேகம் ஏழெட்டு சதவீதம் கறுத்துவிடும். வானப் பகுதிக்கு மட்டும் கர்வ்ஸ் போட்டு 255க்கு உயர்த்தினேன். சுவரின் உடல்மேல் மேகம் படியாதிருக்க ஒரு தடித்த மாஸ்க் போதுமானதாக இருந்தது; கொடிகள் இருக்கும் விளிம்பில் அந்த மாஸ்க்கைத் தொடவே இல்லை.

அடுத்து இருட்டைச் சமன்செய்தேன். அந்த ஒளியெண்ணைக் காட்டும் இன்ஃபோ பேனலில் பார்த்தால் சுவரின் ஆழமான நிழல் 22 காட்டியது. வள்ளத்தின் அடிநிழலோ 6. ஈரக் காற்றில் தூரத்துப் பொருளின் கருமை வெளிறியிருக்கும் என்பது சரிதான், ஆனால் சுவருக்கும் வள்ளத்துக்கும் இடையே பத்து மீட்டருக்கு மேல் இல்லை. வள்ளத்தின் கருமையை 16க்கு உயர்த்தினேன். வள்ளம் மணலைத் தொடும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு மெல்லிய தொடுநிழலும், அதைச் சுற்றி அகன்று கரையும் ஒரு மங்கலான நிழலும் வரைந்தேன். முதல் நிழல் இல்லையென்றால் பொருள் மிதக்கும். இரண்டாவது இல்லையென்றால் ஒட்டிய ஸ்டிக்கர் போலத் தெரியும். இந்தக் கட்டத்தில் மறுபடியும் கறுப்பு வெள்ளையாக்கி, பிளர் செய்து பார்த்தேன். வானம், மணல், சுவர், வள்ளம் என்று ஒளி படிப்படியாக இறங்கியது. டெக்ஸ்சர் ஒன்றுகூட ஏற்றாத நிலையிலேயே படத்துக்கு ஒரு கனம் வந்துவிட்டதைப் பார்த்தபோது, ஜூன் முதல் நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று தெரிந்தது.

டெக்ஸ்சர்களை இணையத்திலிருந்து இறக்காமல் நானே செய்துகொண்டேன். சுண்ணாம்புக்கு எங்கள் வீட்டுக் கொல்லைப்புறச் சுவரையே எடுத்தேன். பல பொங்கல்களுக்கு அடித்த வெள்ளை, ஏடு ஏடாக உரிந்திருக்கிறது. சுவருக்கு நேர் எதிராக, நான்கு மூலையும் கூர்மையாக வரும்படி கேமராவைச் சமமாக நிறுத்தி, நிழல் நேரத்தில் ஒன்றும், மாலை வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும் நேரத்தில் ஒன்றுமாக எடுத்தேன். உரசும் வெயிலில் மேடு பள்ளம் எடுப்பாகத் தெரியும். ஆனால் அதில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் இருக்கும் என்பதால், மூட்டமான படத்தில் அதுவும் ஒரு பொய் வெயிலாகிவிடும். ஆகவே நிழலில் எடுத்ததையே பயன்படுத்தினேன்.

உப்புக்குச் செய்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வெந்நீரில் கல் உப்பை, இனிக் கரையாமல் அடியில் தங்கும் வரை போட்டுக் கலக்கி, ஆறவைத்து, கறுப்புச் சார்ட் அட்டையின்மேல் அகலத் தூரிகையால் பூசினேன். முதல் அட்டையை மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் உலர்ந்து, சாம்பல் பூசியதுபோல் பொடியாகப் படிந்ததோடு, ஓரங்களும் சுருண்டுகொண்டன. இரண்டாவது அட்டையை நான்கு மூலைகளிலும் கிண்ணங்களைப் பாரம் வைத்து, உள்ளறையில் மெதுவாக உலரவிட்டேன். மறுநாள் காலையில் அதில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சின்னச் சின்னச் சதுரங்களாக உப்புப் படிகங்கள் நின்றன. நீர் பின்வாங்கிய இடங்களில் அலை ஒதுங்கிய கரைபோல் வெண்கோடுகள் வளைந்து வளைந்து கிடந்தன. இதை மல்டிபிளைக்கு நேரெதிரான ஸ்கிரீன் முறையில் வைத்தால் கறுப்பு அட்டை முற்றிலும் மறைந்து, உப்பு மட்டும் மிஞ்சும். கைப்பேசியிலும் எடுத்துப் பார்த்தேன். 4000 பிக்சல் அகலமுள்ள அந்தப் படத்தை 5400க்கு இழுத்தபோது படிகங்களின் கூர்மை கரைந்து பஞ்சாகிவிட்டது. கேமராவில் எடுத்ததே நின்றது.

சுண்ணாம்பை நேரடியாக சாஃப்ட் லைட் முறையில் (மேலடுக்கின் வெளுப்பு கீழ்ப்படத்தை வெளுப்பாக்கும், கருமை கறுப்பாக்கும்) வைத்தால் ஒரு சிக்கல் வரும். சுவரின் ஒரு பக்கம் வெளுப்பும் மறுபக்கம் கறையும் இருந்தால், அந்தப் பெரிய ஏற்றத்தாழ்வும் படத்தின்மேல் ஏறி, பாடுபட்டுச் சமன்செய்த ஒளியைக் குலைத்துவிடும். அதனால் டெக்ஸ்சரை முதலில் நிறம் நீக்கி, பின்னால் மாற்றிக்கொள்ள வசதியாக ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி, ஹை பாஸ் ஃபில்டரை 60 பிக்சல் அளவில் கொடுத்தேன். அது பெரிய ஒளி வேறுபாடுகளை எடுத்துவிட்டு, எங்கும் நடுச்சாம்பலாக, விரிசலும் உரிவும் மட்டும் மேலே தெரியும்படி செய்துவிடுகிறது. சாஃப்ட் லைட்டில் நடுச்சாம்பல் கீழுள்ள படத்தை மாற்றாது என்பதால், விரிசல்கள் மட்டுமே படத்தில் இறங்கின. இந்த ஒரு படியை ஜூன் மாதத்திலேயே அறிந்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

அதை 38 சதவீத ஒபாசிட்டியில் (அடர்த்தியில்) வைத்து, கீழடுக்கின் ஒளியைப் பொறுத்து மேலடுக்கை மறைக்கும் பிளெண்ட் இஃப் பட்டையில் கீழடுக்கின் கருமை முனையைப் பிளந்து நகர்த்தி, ஆழ்ந்த நிழல்களுக்குள் விரிசல் இறங்காதபடி பார்த்துக்கொண்டேன். நிழலுக்குள் நுணுக்கம் மிகுந்தால் இருட்டு இருட்டாக இருக்காது. வானத்தில் சுண்ணாம்பு பாதியளவே இருக்க வேண்டும், மணலில் அதைவிடக் குறைவு, வள்ளத்தின்மேல் அநேகமாக இல்லை என்று மாஸ்க்கில் மெல்லிய தூரிகையால் துடைத்தேன். வள்ளத்தின் முனையில் கட்டியிருந்த நைலான் கயிற்றின் முறுக்கு ஒவ்வொன்றும் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. பார்ப்பவர் கண் ஓரிடத்தில் தடையின்றி நிற்க வேண்டுமானால் அந்த இடத்தைத் துடைத்து வைத்துத்தான் ஆக வேண்டும். வளைவின் நடுவில் மனித முகம்போல் ஒரு கறை விழுந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் அதையே பார்த்தார்கள் என்பதால், டெக்ஸ்சரைத் தலைகீழாகத் திருப்பி அதைத் தரைப்பக்கம் தள்ளிவிட்டேன். உப்பு 22 சதவீதத்தில், இடப்பக்க ஓரத்திலும் அடியிலும் மட்டும். பழைய கணக்குப் புத்தகத்தின் உள்ளட்டை ஒன்று மல்டிபிளையில் 15 சதவீதம். அதன் மங்கல் மஞ்சள்தான் வெளுப்புப் பகுதிகளுக்கு நிறம் தந்தது. நிழல்களுக்கு, கர்வ்ஸில் நீலத்தின் கீழ்முனையை மட்டும் சற்று உயர்த்தினேன். எல்லாவற்றுக்கும் மேலே, நடுச்சாம்பல் நிரப்பி நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேர்த்த ஓர் அடுக்கு, சாஃப்ட் லைட்டைப் போன்ற ஓவர்லே முறையில். மூன்று நாட்களில் எடுத்த படங்களின் புள்ளித்துகள் வேறுபாட்டை அது ஒன்றாக்கிவிடும். பதினொன்று இருந்த இடத்தில் இப்போது நாய்ஸையும் சேர்த்து நான்கே அடுக்குகள்.

முதல் அச்சு சரியாக வரவில்லை. மேட் (பளபளப்பற்ற) காகிதத்தில் போட்ட அந்தப் பிரதியில் வள்ளத்தின் அடிப்பகுதியும் மணலும் ஒரே கருங்கட்டியாகிவிட்டன. அச்சகத்துத் தம்பி திரையைப் பார்த்தபோதே, “அண்ணே, இது மேட்ல கறுப்பு அப்பிக்கும்ண்ணே” என்று சொன்னார், நான்தான் கேட்கவில்லை. மேட் காகிதத்தின் கருமை பளபளப்புக் காகிதத்தின் கருமையளவுக்கு ஆழமானதன்று. அதோடு இரவில் முழு வெளிச்சத்தில் ஒளிரும் திரையைப் பார்த்து வேலை செய்தால், கோப்பு உண்மையில் எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பது தெரியவே தெரியாது. திரையின் வெளிச்சத்தை, பக்கத்தில் பிடித்த வெள்ளைத் தாளின் அளவுக்கு இறக்கிவிட்டு, நிழல்களைக் கர்வ்ஸில் தூக்கினேன். முழுப்படத்தையும் சுருக்கி அச்சிடாமல், வள்ளமும் சுவரின் அடிப்பகுதியும் வரும் ஒரு 4×6 அங்குலத் துண்டை மட்டும் உண்மை அளவிலேயே மூன்று விதக் கருமையில் போட்டு வாங்கினேன். சுருக்கிய அச்சில் டெக்ஸ்சர் எப்போதும் நன்றாகத்தான் தெரியும், அதை நம்பக்கூடாது. மூன்றில் நடுத்துண்டில் கயிற்றின் முறுக்கும், அதன் கீழ் மணலின் ஈரமும் தனித்தனியே தெரிந்தன. அந்த அளவை வைத்தே டிசம்பர் இரண்டாம் வாரத்தில் முழு அச்சு எடுத்தேன்.

இப்போது அது வடக்குப் பார்த்த சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறது. வளைவின் வலது தோளில் ஒரு கொடியின் நுனி மட்டும் மேகத்தோடு சரியாகக் கலக்காமல் சாம்பல் விளிம்போடு நிற்கிறது. அடுத்த பிரதிக்கு முன் அதைத் திருத்த வேண்டும். உப்பு அட்டை இரண்டும் கார்த்திகை மழையின் ஈரத்தில் கசிந்து, சதுரங்கள் எல்லாம் கரைந்துபோய், அலைக்கோடுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றையும் நேற்று எடுத்து வைத்தேன்.